அம்மாவின் இரத்தத்தில் கண்டிடா ஓரிஸ், புளூகோனசோல் கேட்காதாம். டொக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

வெள்ளவத்தை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோ ஏற்றிய பிறகு வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கியிருந்த நேரத்தில் காய்ச்சல் பிடித்தது. அன்ரிபயோட்டிக் மாற்றி மாற்றிப் போட்டும் விடவில்லை. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் ஏதோ ‘ஈஸ்ட்’ என்று முதலில் சொல்லிப் புளூகோனசோல் என்ற பங்கசு மருந்து ஏற்றினார்கள். பிறகு முழு ரிப்போர்ட் வந்தது. கண்டிடா ஓரிஸ் என்ற பங்கசு, புளூகோனசோலுக்கு எதிர்ப்பு என்று போட்டிருக்கிறது. இப்போது மைக்கபன்ஜின் என்ற மருந்தை ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏற்றுகிறார்கள்.

அம்மாவைத் தனி அறைக்கு மாற்றிக் கதவில் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கவுனும் கையுறையும் போடாமல் யாரும் உள்ளே போக முடியாது. “எனக்கென்ன குட்டமா பிடிச்சிருக்கு?” என்று அம்மா கேட்கிறார். சின்னம்மா வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் அண்ணாவின் சின்னப் பிள்ளை இருப்பதால் அண்ணிக்கும் பயம்.

பெரிய டொக்டர் நல்ல மனிதர், நின்று பதில் சொல்வார். ஆனால் சிங்களத்தில் வேகமாகச் சொல்லும்போது எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது, ரிப்போர்ட்டோ முழுக்க ஆங்கிலம். ரொறன்ரோவில் இருக்கிற மாமா, புளூகோனசோலை இரட்டிப்பாகக் கொடுக்கச் சொல்லு, பச்சை உள்ளி கொடு என்று வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

இந்தப் புது மருந்து வேலை செய்யுமா? வீட்டுச் சாப்பாட்டால் வந்திருக்குமா? அம்மா வீட்டுக்கு வந்தால் பிள்ளையைப் பக்கத்தில் விடலாமா? நாளை வாட் ரவுண்டில் நான் என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஆய்வுகூடத்து அன்ரி:

பிள்ளை, நான் அரசாங்க ஆய்வுகூடங்களில் நுண்ணுயிர்ப் பகுதியிலேயே காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. மருந்தின் அளவை நான் சொல்ல மாட்டேன், அந்த ரிப்போர்ட் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். அது விளங்கினால் என்ன கேட்பது என்று உனக்கே தெரியும்.

கல்ச்சர் போத்தலில் ஏதாவது வளர்ந்தால் மெஷின் சத்தம் போடும். ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் சாயமிட்டுப் பார்ப்போம். பற்றீரியாவை விடப் பல மடங்கு பெரிதாக, ஊதா நிறத்தில் முட்டை வடிவ அணுக்கள் தெரியும். சிலவற்றின் ஓரத்தில் சின்ன மொட்டு இருக்கும். அந்த நிமிடத்தில் நமக்குத் தெரிவது அவ்வளவுதான். உடனே வாட்டுக்குப் போன் பண்ணி ‘ஈஸ்ட்’ என்று சொல்லிவிடுவோம். உனக்கு முதலில் வந்த செய்தி இதுதான்.

பிறகுதான் பெயர் தேடும் வேலை. மனிதச் சீரத்தில் போட்டு 37 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மணிநேரம் வைத்தால் கண்டிடா அல்பிகன்ஸ் மெல்லிய முளை விடும், மற்றவை பெரும்பாலும் விடாது. நிறம் காட்டும் தட்டில் அல்பிகன்ஸ் பச்சையாக வளரும், இன்னொரு கண்டிடாவான ட்ரோப்பிக்கலிஸ் நீலமாக வளரும். ஓரிஸுக்கு அப்படிச் சட்டென்று பிடிபடும் நிறம் கிடையாது, வெள்ளைக்கும் வெளிர் இளஞ்சிவப்புக்கும் இடையில் எதுவாகவும் வரலாம். பழைய சோதனைப் பெட்டிகள் அதைக் கண்டிடா ஹெமுலோனி என்றும் வேறு பெயரிலும் தப்பாகச் சொன்னதுண்டு. 42 பாகையிலும் சளைக்காமல் வளர்கிறதே என்று பார்த்துத்தான் சந்தேகம் வரும். மோல்டி-டொஃப் போன்ற மெஷின் இருந்தால் பெயர் உறுதியாகும். கொழும்பில் சந்தேகமான பங்கசுகளைப் பார்க்கப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் ‘கண்டிடா’ என்று மட்டும் நிற்காமல் முழுப் பெயர் வந்திருப்பதே அம்மாவுக்குப் பெரிய நன்மை. பெயர் தெரியாமல் மருந்து தேடக் கூடாது என்று நான் வாட்டுகளோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

இந்த ஓரிஸ் 2009இல்தான் முதன்முதலில் பதிவானது, ஜப்பானில் ஒரு முதிய பெண்ணின் காதிலிருந்து. பிறகு சில வருடங்களுக்குள் பல கண்டங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிளைகளாகத் தலைகாட்டியது. அதில் ஒன்று நம்முடைய தெற்காசியக் கிளை. 2022 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பங்கசுகளை வரிசைப்படுத்தியபோது மொத்தம் 19 இருந்தன, மிக அவசரமான முதல் குழுவில் நான்கே நான்கு. ஓரிஸ் அதில் ஒன்று. மற்ற மூன்றும் அல்பிகன்ஸ், கிரிப்டோகொக்கஸ் நியோஃபோர்மன்ஸ், அஸ்பஜிலஸ் ஃபியூமிகேட்டஸ்.

மருந்துக்கு வருவோம். பங்கசின் அணு நம்முடைய அணுவுக்கு நெருங்கிய அமைப்புக் கொண்டது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் கடிக்கும். அதனால்தான் பற்றீரியாவுக்கு இருப்பதுபோல இங்கே மருந்துகள் குவிந்து கிடக்கவில்லை. இரத்தத்தில் புகுந்த கண்டிடாவுக்கு முக்கியமாக மூன்று குடும்பங்கள். புளூகோனசோல், வொரிகொனசோல் எல்லாம் அசோல் குடும்பம். பங்கசின் மென்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரோலைச் செய்யவிடாமல் தடுக்கும். அம்ஃபொடெரிசின் அந்த எர்கோஸ்டெரோலிலேயே போய் ஒட்டி ஓட்டை போடும். மைக்கபன்ஜின், கஸ்போபன்ஜின் முதலானவை எகினோகாண்டின் குடும்பம். பங்கசின் வெளிச்சுவரைக் கட்டவிடாது. நமக்கு அப்படி ஒரு சுவர் இல்லாததால் உடம்புக்குத் தொல்லை குறைவு.

அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிலையமான சிடிசியின் கணக்கில், பரிசோதித்த ஓரிஸ்களில் ஏறக்குறைய 90 வீதம் புளூகோனசோலுக்கு எதிர்ப்பு, 30 வீதம் அளவில் அம்ஃபொடெரிசினுக்கு எதிர்ப்பு, எகினோகாண்டினுக்கு 5 வீதத்துக்கும் குறைவு. அது அங்கத்தைய கணக்கு, இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் மைக்கபன்ஜினுக்கு மாற்றியது சரியான திசை. மாமாவுக்குச் சொல்லு: அசோல் போய்ப் பிடிக்க வேண்டிய நொதியையே இந்தப் பங்கசு மாற்றிக்கொண்டிருக்கும், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் அதனிடம் உண்டு. இரட்டிப்பாகக் கொடுத்தால் பங்கசு சாகாது, அம்மாவின் ஈரல்தான் பாடுபடும். பச்சை உள்ளியும் இப்போது வேண்டாம். வெள்ளை அணு இறங்கிய நேரத்தில் சமைக்காத எதையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதே.

எதிர்ப்பு வந்தது பங்கசுக்கு, அம்மாவின் உடம்புக்கு இல்லை. சமைத்துக் கொடுத்த சாப்பாட்டாலும் இது வரவில்லை. ஓரிஸ் பெரும்பாலும் வைத்தியசாலைகளுக்குள்தான் தொற்றும். தோலில் ஒட்டியிருந்து, குழாய் போட்ட இடத்தால் உள்ளே போகும். அம்மா கேட்டு அழாதபடி இதை நீ சொல்ல வேண்டும்.

நாளைக்கு இவற்றைக் கேள். மைக்கபன்ஜினுக்கும் அம்ஃபொடெரிசினுக்கும் உணர்திறன், அதாவது அந்த மருந்துக்குப் பங்கசு கேட்குமா என்று, பார்த்தார்களா, அந்த எண்கள் உள்ள தாளில் ஒரு கொப்பி தருவார்களா? நெஞ்சிலோ கழுத்திலோ போட்ட குழாய் இன்னும் இருக்கிறதா, எடுக்கலாமா? கண்டிடா பிளாஸ்டிக்கின் மேல், மீன்தொட்டிச் சுவரில் பாசி படிவதுபோலப் படிந்துவிடும், அதற்கடியில் மருந்து போய்ச் சேராது. ஆனால் வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு அது குடலிலிருந்தும் வரலாம், வேறு நாளம் கிடைக்காத நிலையும் இருக்கலாம். அதனால் ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்காமல் ‘எடுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேள். அடுத்த கல்ச்சர் எப்போது? கண் டொக்டர் எப்போது பார்ப்பார்? இந்தப் பங்கசு கண்ணின் உள்ளே போய் ஒளிந்திருக்கலாம், எகினோகாண்டின் அங்கே சரியாகப் போகாது. வெள்ளை அணுக்கள் மறுபடி ஏறிய பிறகு பார்த்தால்தான் அடையாளம் நன்றாகத் தெரியும் என்பதால் அந்தச் சோதனையைக் கொஞ்சம் பின்னுக்கு வைப்பார்கள். மறந்துபோகாமல் இருக்க நீ ஞாபகப்படுத்து.

ஏன் முதலில் புளூகோனசோல் போட்டார்கள் என்று உனக்குக் கோபம் இருக்கலாம். வெள்ளை அணு குறைந்தவருக்கு முதலிலேயே எகினோகாண்டின் கொடுப்பதைத்தான் சர்வதேச வழிகாட்டல்கள் விரும்புகின்றன. அது விலை கூடியது, எல்லா இடத்திலும் எப்போதும் கையிருப்பில் இருப்பதுமில்லை. அதைப் பிறகு பேசலாம். இப்போது ஏறுகிற மருந்து நிற்காமல் தொடருமா, ஸ்டொக் இருக்கிறதா என்பதை வார்டிலும் பாமசியிலும் விசாரித்து வை.

மலர் மிஸ்:

அன்ரி சொன்னதற்கு மேல் மருந்து பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் தாதி, இப்படியான அறைகளில் வேலை செய்கிறேன். கதவு அட்டை பற்றி மட்டும்.

தங்கச்சி, அந்த அட்டை அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறவருக்காக. இந்தப் பங்கசு கட்டில் கம்பியிலும் பிரஷர் பார்க்கும் பட்டியிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இங்கிலாந்தில் ஒக்ஸ்ஃபோர்டில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 70 பேருக்குப் பரவியதற்கு, அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும், திரும்பத் திரும்பப் பாவிக்கிற கருவிதான் காரணம் என்று 2018இல் எழுதினார்கள். அதனால் அம்மாவுக்கென்று தனி வெப்பமானி, தனிப் பட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சுகமாக இருக்கிறவர்களை இது பொதுவாக ஒன்றும் செய்யாது. சின்னம்மா தாராளமாக வரலாம். கவுன், கையுறை போட்டுக்கொண்டு கையைப் பிடிக்கலாம், தலை வாரிவிடலாம். வெளியே வரும்போது கழற்றிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அல்கஹோல் ஜெல்லைக் காயும்வரை தேய்க்க வேண்டும். கையுறை போட்டேனே என்று கை கழுவாமல் போகிறவர்கள்தான் அதிகம். கையுறையோடு போனை எடுத்துப் பார்க்காதீர்கள், அதைத்தான் நான் தினமும் சொல்லித் தொண்டை வற்றுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் தோலில் மாதக்கணக்கில் இருக்கலாம். தோலில் இருப்பதற்கு மருந்து கொடுப்பதில்லை. அண்ணாவின் பிள்ளை சுகமாக இருந்தால் பாட்டியோடு இருக்கலாம், கை மட்டும் கழுவப் பழக்குங்கள். அம்மாவின் துவாயைத் தனியாக வையுங்கள், உடுப்பை வழக்கம்போலச் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் காயப் போட்டால் போதும். பாத்ரூம் குமிழ், கொமட் இருக்கை போன்றவற்றைப் பிளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள். குவாட்டனரி அமோனியம் சேர்ந்த வாசனைத் திரவங்கள் பல இதை ஒழுங்காகக் கொல்லாது. பிளீச்சோடு கழிவறை கழுவும் அசிட்டைக் கலக்கக் கூடாது, நச்சுப் புகை வரும்.

அம்மாவுக்குக் குட்டம் இல்லை என்று நீங்கள் சொன்னால் போதாது, சின்னம்மா வந்து பக்கத்தில் இருக்க வேண்டும். அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

எனக்குக் கிட்னி மாற்றியது. பிறகு நெஞ்சில் அஸ்பஜிலஸ் பிடித்து வொரிகொனசோலில் இருந்தேன். உங்கள் அம்மாவுக்கு வேறு பங்கசு, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அசோல் குளுசைகள் மற்ற மருந்துகளோடு மோதும். மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்க நான் எடுக்கிற டக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும் என்று அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் வொரிகொனசோலைத் தொடங்கினார்கள், அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்த்தார்கள். வெயிலில் போனால் முகம் எரியும், குளுசை போட்ட கொஞ்ச நேரத்துக்கு லைட் எல்லாம் கூசும். பிறகொரு நாள் அம்மாவுக்கு மருந்தை மாற்றினால், அவர் எடுக்கிற எல்லாக் குளுசைகளின் பட்டியலையும் காட்டாமல் விடாதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு தூசியைக் கவனியுங்கள். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் பார்த்தாலும் பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டுகிறார்கள். அந்தத் தூசியில் அஸ்பஜிலஸ் வித்திகள் இருக்கும். அந்தப் பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள், வெளியே போனால் என்95 முகக்கவசம். பால்கனியில் புறா எச்சம் இருந்தால் அம்மாவைக் கொண்டு துடைப்பிக்காதீர்கள், அதில் கிரிப்டோகொக்கஸ் பங்கசு இருக்கலாம்.

அன்ரியிடம் ஒரு கேள்வி. எனக்கு வந்த அஸ்பஜிலஸுக்கு நல்லகாலமாக மருந்து கேட்டது. பக்கத்து வாட்டில் ஒருவருக்குக் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் அசோல் குளுசையே எடுத்ததில்லையாம். அது எப்படி?

ஆய்வுகூடத்து அன்ரி:

தம்பி, நல்ல கேள்வி. அவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி நடக்கிறது. பயிரில் வரும் பங்கசுக்கு அடிக்கிற மருந்துகளில் பல, டெபுகோனசோல், புரோப்பிகோனசோல் முதலானவை, இதே அசோல் குடும்பம்தான். நம் மலையகத்தில் தேயிலைக் கொப்புள நோய்க்கும் அடிக்கிறார்கள். மண்ணிலும் உக்குகிற இலைகுழையிலும் வாழ்கிற அஸ்பஜிலஸ் அந்த மருந்துக்குப் பழகித் தப்பிப் பிழைக்கிறது. அதன் வித்தி காற்றில் வந்து நுரையீரலுக்குள் போகும்போதே எதிர்ப்போடு வருகிறது. நெதர்லாந்தில் இதை முதலில் விரிவாகக் கண்டுபிடித்தார்கள், அங்கே பூக்கிழங்குக் கழிவுக் குவியல்களில்கூட அந்த வகை வளர்ந்தது. வைத்தியரும் விவசாயியும் ஒரே குடும்ப மருந்தில் கை வைப்பது எனக்குப் பெரிய கவலை. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டும்.

வத்தளை சிவா:

என் மாமியாருக்கு இடுப்பில் படை. பாமசியில் கேட்டு ஒரு கிறீம் வாங்கிப் பூசினோம், முதலில் குறைந்து பிறகு வட்டமாகப் படர்ந்துவிட்டது. அவருக்கு மூட்டு வாதத்துக்கு நெடுநாளாகப் பிரெட்னிசோலோன். இதுவும் இந்த மருந்து கேட்காத பங்கசா?

ஆய்வுகூடத்து அன்ரி:

சிவா, அது தோலோடு நிற்கிற வேறு வகை, இரத்தத்தில் போவதில்லை. ஆனால் அங்கேயும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. படைக்குக் கொடுக்கிற டெர்பினஃபின் மருந்துக்கு மசியாத ட்ரைகோபைட்டன் இண்டோட்டினியே என்ற பங்கசு இந்தியாவில் பரவி இப்போது பல நாடுகளில் இருக்கிறது. கிறீம் டியூபில் குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பார். அது ஸ்டெரொயிட். அரிப்பை அடக்கும், பங்கசை வளர்க்கும். நிறுத்திவிட்டு, பிரெட்னிசோலோன் எடுப்பதையும் சொல்லித் தோல் டொக்டரிடம் காட்டு. சுரண்டி எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேள். பிரெட்னிசோலோனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

வெள்ளவத்தை மகள்:

அன்ரி, மலர் அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். வாட்டில் பயிற்சியில் இருக்கிற ஒரு தமிழ் டொக்டர் பிள்ளை நின்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துத் தந்தார். மைக்கபன்ஜினுக்கு உணர்திறன் இருக்கிறது, தாளின் கொப்பி கையில் இருக்கிறது. அம்ஃபொடெரிசின் எண் எல்லையில் நிற்கிறதாம். நெஞ்சுக் குழாயைக் கழற்றிவிட்டு இப்போதைக்குக் கையில் ஏற்றுகிறார்கள். வெள்ளை அணு ஏற ஊசி போடுகிறார்கள், ஏறியதும் கண் டொக்டர் வருவார். காய்ச்சல் குறைந்திருக்கிறது. புதுக் கல்ச்சர் எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை.

சின்னம்மா இன்று வந்தார். கவுனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றவரை மிஸ் சரிப்படுத்தி உள்ளே விட்டார். அம்மா வெகுநேரம் அவருடைய கையை விடவில்லை.

கல்ச்சர் சுத்தமாக வந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்களா?

ஆய்வுகூடத்து அன்ரி:

இல்லை பிள்ளை. சுத்தமான முதல் கல்ச்சரின் இரத்தம் எடுத்த திகதியிலிருந்து வழக்கமாக 14 நாட்கள் தொடர்வார்கள். வெள்ளை அணுவும் ஏறியிருக்க வேண்டும், காய்ச்சலும் விட்டிருக்க வேண்டும். கண்ணிலோ இருதய வால்விலோ ஏதாவது கண்டால் இன்னும் நீளும். ஒரு கல்ச்சர் சுத்தமாக வந்து அடுத்ததில் மறுபடி வளர்ந்தால் உணர்திறனைத் திரும்பப் பார்க்கச் சொல்லு. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே எகினோகாண்டினுக்கும் எதிர்ப்பு எடுக்கக்கூடிய பங்கசு இது.

துண்டு வெட்டும்போது டயக்னோசிஸ் காட்டில் ‘கண்டிடா ஓரிஸ்’ என்று முழுப் பெயரையும், எந்த மருந்துக்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை என்பதையும் எழுதச் சொல்லிக் கேள். அடுத்த கீமோவுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் அந்தக் காட்டைத்தான் நீட்ட வேண்டும். கல்ச்சர் முடிவு வந்ததும் இங்கே போடு, பார்த்துக்கொண்டிருப்பேன்.